சாந்தாமணி துப்பாக்கிக்கு இரண்டு கொக்கி

எங்கள் நாமக்கல் பக்கத்து ஆட்களுக்கு உலகத்தில் எல்லாமே லாரிதான். கட்டில் வாங்கப் போனாலும் எத்தனை டன் தாங்கும் என்று ஆட்டிப் பார்ப்போம். நான் லாரி வைத்து ஓட்டுகிறவன். என் மூளையும் பத்துச் சக்கரத்தில்தான் ஓடும்.

என் மனைவி சாந்தாமணி நாற்பது வயதுக்கு மேல் சேலத்தில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்ந்தாள். பத்து மீட்டர் தள்ளியிருக்கும் அட்டையை ஏர் ரைபிளால் சுட வேண்டும். ("இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்ட சொந்தக்காரர்களை நான்தான் திட்டி அனுப்பினேன். அதுவரை நான் நல்லவன்.) மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி வந்தது. கிளப் துப்பாக்கியில் தோளில் பதிக்கும் கட்டை தனக்கு நீளம், குட்டையாக ஒன்று வேண்டும் என்றாள். கேட்டது அவ்வளவுதான்.

எனக்கோ சின்ன வயதிலிருந்து வேட்டைத் துப்பாக்கி மேல் ஆசை. வேட்டைக்குச் சட்டம் விடாது. அவள் துப்பாக்கி உருவத்திலாவது அப்படி இருக்கட்டும் என்று நானே பாகம் பாகமாகப் பொறுக்கினேன். குழல், கடையில் இருந்ததிலேயே நீளமானது. அதன் மேல் காட்டெருமையின் இமை மயிரை எண்ணுகிற அளவுக்கு ஒரு ஸ்கோப். கட்டைக்கு, என் லாரிக்குப் பாடி கட்டிய ஆறுமுகத்திடம் போனேன்.

"லோடு எவ்வளவுங்க வரும்?" என்றார், பழக்கதோஷத்தில்.

"கெட்டியா இருக்கோணும். அவ்வளவுதான்."

"யாரு கை அளவுங்க?"

என் கையை நீட்டினேன். யோசிக்கவே இல்லை.

தேக்கில் இழைத்து, நீலப் பெயிண்ட் அடித்து, வார் மாட்டுவதற்குத் தார்ப்பாய்க் கயிறு கட்டும் இரும்புக் கொக்கி இரண்டும் வைத்துக் கொடுத்தார். பெயிண்ட் காய்ந்து கைக்கு வந்தது போட்டிக்கு முந்தின நாள்.

சாந்தாமணி இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். "ஏனுங்க, அங்க நிக்கறது அட்டைதானுங்க. யானையா நிக்குது?"

"எடுத்துட்டு வா புள்ள. பார்த்தாலே மத்தவங்க பயந்துக்குவாங்க."

போட்டிக்கு முன்னால் துப்பாக்கியைச் சோதிப்பார்கள். சோதித்த அம்மா ஸ்கோப் கூடாது என்றார். கழற்றினேன். தராசில் வைத்தார். எடை கூடுதல். கொக்கியைக் கழற்றுகிறேன் என்று ஸ்பேனர் கேட்டு ஊரைக் கூட்டினேன். லாரியே கவிழ்ந்தாலும் அது கழலாது. விதி எழுதினவனிலிருந்து தராசு செய்தவன் வரை எல்லாரையும் திட்டினேன்.

"நீங்க போய் வண்டியில உட்காருங்க" என்றாள் சாந்தாமணி. 'ங்க' இருந்தது. மரியாதை இல்லை.

கிளப்பின் அதே நீளத் துப்பாக்கியை வாங்கிச் சுட்டாள். ஒரே ஓர் இடம் பின்தங்கி, அணியில் சேர முடியாமல் போனது.

திரும்பும் வழியில் ராசிபுரம் தாண்டினோம். பிறகு, "ஆறுமுகம் அளவு கேக்கலீங்களா?" என்றாள்.

"கேட்டாரு. என் கையைக் காட்டினேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என் லாரியின் நீள அகலத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இத்தனை வருஷம் கூட இருக்கிறவளின் கை எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்குத் திட்டுவதற்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

அப்புறம் அவளே ஆறுமுகம் பட்டறைக்குப் போய், கொக்கிகளையும் எடுத்து, கட்டையைத் தன் கை அளவுக்கு அறுத்து இழைத்து வாங்கி வந்தாள். அடுத்த தேர்வில் அணியிலும் சேர்ந்தாள்.

போன மாதம் அவளுக்கு ஸ்கூட்டர் வாங்கப் போனோம். நான் ஏறி உட்கார்ந்து, கால் எட்டுகிறது, இதையே எடுக்கலாம் என்றேன். கடைக்காரரை வைத்துக்கொண்டே கேட்டாள்:

"யாரு கால் அளவுங்க?"

இறங்கிவிட்டேன்.