எட்டாம் வகைப் பண்ணையார்

"யாரு இது?" என்று கேட்டார் தலைமை ஆசிரியர் முருகவேல்.

அவர் விரல், ஆசிரியர் இளமாறன் எழுதியிருந்த ஆண்டு விழா நாடகத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. அங்கே பண்ணையார் ஊரையே அதட்டிக்கொண்டிருந்தார். நடிக்கப் போகிறவர்கள் ஆசிரியர்கள்தாம். பண்ணையார் வேஷத்துக்கு மட்டும் இன்னும் ஆள் அகப்படவில்லை.

இளமாறன் ஒரு பாவமும் அறியாதவன். கள்ளக்குறிச்சியில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஒரு பையும், எழுதாத பேனாவும், 'ஒன்பது வகை மனிதர்கள்' என்றொரு தாளும் கொடுத்தார்கள். ஆளுக்கொரு வகையாகப் பிரித்துக் கொடுத்தால் பாத்திரங்கள் தாமாகப் பேசும் என்று நம்பினான். பண்ணையாருக்கு எட்டாம் வகை விழுந்தது: அதட்டி ஆள்பவர், பிறர் சொல் கேளாதவர். மீசை மட்டும் இவனுடைய சொந்தச் சேர்க்கை. அது முருகவேலின் மீசையாகவே வந்து தொலையும் என்று அவன் கண்டானா?

அவர் மேசையில்தான் அவனுடைய மாறுதல் விண்ணப்பமும் கிடந்தது. மலைப்பள்ளிக்கு வந்து நான்கு வருஷம். கீழே கச்சிராயபாளையத்தில் அவன் மனைவி மலர்விழி நிறைமாதமாக இருந்தாள்.

"யாரும் இல்லீங்க சார். சும்மா கற்பனை."

"மீசைய இப்டி முறுக்குவானா?" முருகவேல் முறுக்கியே காட்டினார்.

"மீசையே வேணாங்க சார். எடுத்துடறேன்."

"ஏன்?" என்றார் அவர். முகம் சுண்டிப்போயிற்று.

அன்றிரவே பண்ணையாரை ஆறாம் வகைக்கு மாற்றினான்: தயங்கி நிற்பவர். மீசை போனது. எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடப் பயந்து, நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளுகிற சாதுவாக ஆனார். கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் சங்கவி டீச்சர் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சார், இதுவும் ஹெச்.எம். தான். உங்க மாறுதல் பேப்பரு ஒரு வாரமா அவரு மேசையிலதான கெடக்குது?"

நாடகத்தைத் திரும்ப வாங்க இளமாறன் எழுந்தான். அதற்குள் முருகவேலே கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

"இன்னா சார், நேத்து கத்திக்கினு இருந்த ஆளு இன்னிக்கிப் பம்மிக்கினு கெடக்கறான். பழைய ஆளையே வையுங்க."

வம்பில் மாட்டிவிடப் பார்க்கிறார் என்று இளமாறனுக்குத் தோன்றியது. மனிதனை வைத்தால்தானே வம்பு? பண்ணையாரை அடியோடு தூக்கிவிட்டு, சாமைக் கொல்லைக்குள் புகும் ஒரு கரடியைப் போட்டான். கரடிக்குத் தாளில் வகை கிடையாது.

முருகவேல் படித்தார். "வசனமே இல்லியா?"

"உறுமல் மட்டுந்தாங்க சார். யார் மனசும் நோவாது."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போனார்.

மதியம் சமையல் கூடத்தில் இளமாறனுக்குச் சோறு இறங்கவில்லை. பிறக்கப் போகிற பிள்ளை தன்னை விருந்தாளி என்று நினைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

"இன்னா சார், பெசஞ்சிக்கினே இருக்கீங்க?" என்றாள் சமையல்கார செல்லியம்மாள்.

"மாறுதல் போச்சுங்க. நாடகத்துல அவரத்தான் எழுதிட்டன்னு பெரிய சாருக்குக் கோவம்."

செல்லியம்மாள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"கோவமா? டீ குடுக்கப் போனப்ப நானே பாத்தன், உங்க மாறுதல் பேப்பருல மொத நாளே கையெழுத்து போட்டுட்டாரு. அந்த வேசத்தத் தனக்குக் குடுப்பீங்களான்னு கேக்கத்தான் கூச்சப்பட்டுக்கினு கெடந்தாரு. இப்ப கரடின்னாலும் பரவால்லியாம், நடுவுல ரெண்டு வார்த்த பேச மட்டும் வுடுவீங்களான்னு கேட்டுக்கினு வரச் சொன்னாரு."