தேவி இருந்த இடத்தில் சந்தூ

"சந்தூ யாரு?" என்று மனைவி மாலிஸ் கேட்டபோது பூரின் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவும்போது அவன்பாட்டுக்கு ஒரு பழைய காதல் பாட்டை முனகியிருக்கிறான். 'சந்தூ, மழை விட்டதும் வா' என்று அதில் ஒரு வரி. அவ்வளவுதான் நடந்தது.

"பாட்டுல வர்ற பொண்ணு," என்றான்.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நேர்மை யாரை விட்டது? "எனக்குத் தெரிஞ்ச சந்தூ, எங்க பஸ் ஆபீஸ்ல டிக்கெட் குடுக்கிறவங்க மட்டும்தான்."

மாலிஸ் குழாயை மூடினாள்.

கல்யாணமாகி இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. பட்டம்பாங் ஊரில் பெண் வீட்டோடு வந்து தங்கிய மாப்பிள்ளை அவன். பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் போய் உட்கார அவனுக்கென்று அங்கே ஒரு மூலைகூடக் கிடையாது.

பாட்டைக் காட்டிவிட்டால் தீர்ந்தது என்று செல்போனில் தேடினான். கிடைத்தும் விட்டது. முடிக்குச் சாயம் பூசிய இந்தக் காலத்துப் பையன் ஒருவன் அதைத் தடதடவென்ற தாளத்தோடு பாடியிருந்தான். மெட்டு அதே, வரியும் அதே. பெயர் மட்டும் தேவி.

"தேவிய எடுத்துட்டு சந்தூவ வெச்சது யாரு?" என்றாள் மாலிஸ்.

இந்தக் காலத்துப் பசங்கதான் மாற்றியிருப்பார்கள், அந்தக் காலத்துப் பாட்டில் சந்தூதான் என்று பூரின் அடித்துச் சொன்னான். எங்கே கேட்டாய் என்றதும் யோசித்துப் பார்த்தான். யோசிக்க யோசிக்க அந்த டிக்கெட் அம்மாளின் முகம்தான் வந்து தொலைத்தது. கடைசியில், "வேணும்னா உங்க அப்பாவையே கேளு," என்று வாயைக் கொடுத்தான்.

பழைய பாட்டென்றால் தெருவுக்கே நீதிபதி மாமனார் கிம்சான்தான். மத்தியானம் எல்லோரும் புளிப்பு மீன் சாறும் சோறுமாக உட்கார்ந்திருந்தபோது மாலிஸ் வழக்கை வைத்தாள். கிம்சான் கையைக் கழுவிக்கொண்டு போய் ஒரு கேசட்டை எடுத்துவந்து போட்டார். நடுங்கும் குரலில் பழைய பாடகர் உருகினார்: தேவி, மழை விட்டதும் வா.

விருந்துக்கு வந்திருந்த மாலிஸின் சின்னம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பூரினையே பார்த்தாள்.

"இந்தப் பாட்டுல எந்தக் காலத்துலயும் சந்தூ கிடையாது," என்றார் கிம்சான். "மனசுல இருக்கிற பேருதான் மாப்பிள்ளை, வாயில வரும்."

பூரினுக்குக் காதுவரை சுட்டது. செய்யாத தப்புக்கு இவ்வளவு அவமானப்பட முடியும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. மாலிஸ் அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் எழுந்து போய் அவன் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். அவனுக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அந்த அம்மாளிடம் இரண்டு வார்த்தை சிரித்துப் பேசியது தப்போ?

"மன்னிச்சிருங்க," என்றான் தலையைக் குனிந்து. "நான் வேற ஆபீஸுக்கு மாத்தல் கேட்டுடறேன்."

"பாத்தீங்களா, ஒத்துக்கிட்டாரு," என்றாள் சின்னம்மா.

கிம்சான் பெருமூச்சு விட்டு, ஆண்பிள்ளை ஒழுக்கத்தைப் பற்றி நீளமாக ஆரம்பித்தார். மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்த மாமியார் நிமிரவே இல்லை.

"அவரை ஏன் திட்டுறீங்க? தினம் வாசல்ல கட்டின தூளியில படுத்துக்கிட்டு நீங்க சந்தூ, சந்தூன்னு பாடுறதைக் கேட்டுத்தானே கத்துக்கிட்டாரு."