குளிரூட்டப்பட்ட வேடியப்பன்

“இந்தக் கல்லால உங்களுக்கு இன்னாமா லாபம்?”

மணலூர்பேட்டைப் பக்கம், கரும்புக் கொல்லை ஓரத்து நடுகல் முன்னால் நின்று கவியரசன் அமிர்தத்தைக் கேட்டார். சாதாரணக் கேள்வி அன்று. கள்ளக்குறிச்சியை உலகமே திரும்பிப் பார்க்கும் நகரமாக உயர்த்தியே தீருவது என்று தீர்மானம் போட்ட ‘பாரம்பரியப் பெருமைக் குழு’வின் செயலாளர் அவர். பழைய கல் இல்லாமல் எந்த மாநகரமும் புகழடைந்ததில்லை என்பதைக் குழு பல கூட்டங்கள் போட்டு, போண்டா தின்று, கண்டுபிடித்திருந்தது.

கூலிக்குக் கரும்பு வெட்டும் அமிர்தத்துக்கு அவ்வளவு விவரம் போதாது.

“கல்லு இல்லீங்க, வேடியப்பன். எங்க வூட்டுல கல்யாணம்னா இவரு தலையில பூ வைப்போம். வலது பக்கம் வுழுந்தா சம்மதம். அப்பறந்தான் பந்தக்கால்.”

“ஐயோ, இவர வெயில்ல வெச்சிருக்கீங்களே!” கவியரசன் கண் கலங்கினார்.

இரக்க சுபாவம். ஊரே கரும்பு வெட்டப் போயிருந்த நாளாகப் பார்த்து, யாருக்கும் தொந்தரவு தராமல், ஜேசிபி வைத்து வேடியப்பனைக் கள்ளக்குறிச்சியில் இருந்த குழுவின் புது அருங்காட்சியகத்துக்கு ‘இடமாற்றம்’ செய்தார்.

வைகாசியில் அமிர்தத்தின் மகள் தனுஷாவுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஜெயசுதா கறாராகச் சொல்லிவிட்டாள்: “பூ வுழாம பந்தக்கால் கெடையாது சம்மந்தி.” இருவரும் பஸ் ஏறிக் கள்ளக்குறிச்சி வந்தார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வேடியப்பன் பளபளத்தார். மஞ்சள், குங்குமம், எண்ணெய் எல்லாவற்றையும் ‘அழுக்கு’ என்று சுரண்டியிருந்தார்கள்.

“பூ வைக்கணும் சார்” என்றாள் அமிர்தம், பெட்டியருகே நின்ற கவியரசனிடம்.

“பெட்டி மேல வெச்சிக்குங்க. இது மக்களோட அருங்காட்சியகம்!”

வைத்தாள். ஏசி காற்று அடித்தது. பூ இடது பக்கம் விழுந்தது.

“ஏசிய நிறுத்துங்க சார்!”

“நிறுத்தினா பாரம்பரியம் கெட்டுடும்மா.”

மறுபடியும் வைத்தாள். மறுபடியும் இடது பக்கம்.

“உங்க சாமிக்கே இஷ்டம் இல்லியே சம்மந்தி” என்றாள் ஜெயசுதா.

“சாமியா சொல்லுது? ஏசி சொல்லுதுங்க!”

“எது சொன்னா இன்னா? பேச்ச இத்தோட வுட்டுடுவோம்.” ஜெயசுதா வெளியே போய்விட்டாள்.

கவியரசன் ஆறுதலாக, பெட்டியடியில் இருந்த பலகையைக் கணீரென்று படித்தார்: “‘ஊர் மாடுகளைக் கவர்ந்து சென்ற கள்வரை மறித்துப் போரிட்டு மாண்ட வீரன்.’ பாத்தீங்களா? இவரு யாருன்னே தெரியாம இத்தன நாளு பூ வெச்சிருக்கீங்க!”

அமிர்தம் வீரனைப் பார்த்தாள்.

“மாட்டத் தூக்கினு போனவங்கள மறிச்சாரு, சரி. இவரத் தூக்கினு வந்தவங்க பேர எங்கியாச்சும் எழுதிருக்கீங்களா சார்?”

கவியரசனுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரு பார்வையாளர் கேட்ட முதல் அறிவார்ந்த கேள்வி!

“எழுதாம இருப்பமா? வாங்க, வாங்க!”

வாசலுக்கு அழைத்துப் போய்ப் பளிங்குக் கல்வெட்டைக் காட்டினார். தலைவர், துணைத் தலைவர், பொருளாளர் என்று எல்லாரும் தங்க எழுத்தில் மின்னினார்கள். ஒரு பெயரை மட்டும் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, “இது நாந்தான்” என்றார் அடக்கமாக.

அமிர்தம் ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிக் கடைசி வரைக்கும் படித்தாள். பிறகு, பூவை முந்தானையில் முடிந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.