பத்து மீட்டருக்குப் போட்ட கண்ணாடி

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. அப்பாவும் அம்மாவும் சௌக்கியமாகத் தூங்குகிறார்கள். நானும் சௌக்கியம்தான், சனிக்கிழமை வரைக்கும். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குறைந்திருந்தால், தயவுசெய்து இரண்டு நாளைக்கு அதைத் திரும்ப வரவழைத்துக்கொள்ளுங்கள். காரணம் கீழே. விளக்குப் போட்டால் அப்பா விழித்துக்கொள்வார் என்று பிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். ரொம்ப நேரம் திறந்திருந்தால் அது கூவும். அப்போது மூடிவிட்டு இருட்டில் எழுதுவேன், கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

பள்ளிக்கூடத்தில் நான் காற்றுக் கைத்துப்பாக்கி சுடும் வகுப்பில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். முதல் மாதம் முழுக்க, விசையை இழுக்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். கோச் அக்கா பின்னாலேயே நின்று, "சத்தம் உன்னோடதுதானே, அதுக்கு நீயே பயந்தா எப்படி?" என்பார். குண்டு போடாத துப்பாக்கியின் குழல்மேல் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து, அது விழாமல் விசையை இழுக்கச் சொன்னார். அது விழுந்து விழுந்து உருண்டதில் பக்கத்துத் தடத்தில் நின்று சுடுகிறவள், "என்னடி, தையல் கடை வச்சிருக்கியா?" என்று கேட்டாள். அவளுக்கு என்ன, என் குண்டுகளெல்லாம் அவள் குறி அட்டைக்குத்தான் விருந்தாளியாகப் போயின. என் அட்டை வாங்கி வந்த மாதிரியே புத்தம் புதுசாக இருந்தது.

இதைக் கேட்டதும் அப்பா, "இது கைக் கோளாறு இல்ல, கண் கோளாறு. கண்ணாடிக் கடைக்காரன் பொண்ணு குறி தப்பலாமா?" என்று ஒரு வாரம் உட்கார்ந்து புதுக் கண்ணாடி செய்து கொடுத்தார். அத்தை, அதைப் போட்டால் பத்து மீட்டருக்கு அப்பால் அட்டை மூலையில் அச்சகத்தின் பெயர்கூடத் தெரிகிறது. அதுதான் வினை. கண் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுகிறது, கையில் துப்பாக்கி எந்தப் பக்கம் சாய்கிறது என்று யார் பார்ப்பது? ஒருநாள் வியர்வையில் கண்ணாடி வழுக்க, கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா துப்பாக்கிக் கையை நீட்டினேன். துப்பாக்கி முனையில் இருக்கும் சின்ன மேடு மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு அப்பால் அட்டையின் கறுப்பு வட்டம் தண்ணீருக்கடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி மெல்லக் கரைந்தது. சுவர் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. காதுக் கவசத்துக்குள் என் மூச்சு மட்டும் போய்ப் போய் வந்தது. யாரோ தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல விசை நகர்ந்தது. சுட்டது நான்தானா என்றே சந்தேகம். ஐந்து தடவை சுட்டுவிட்டுப் போய்ப் பார்த்தால் ஐந்து ஓட்டைகளும் என் அட்டையில், ஒரு கட்டைவிரலால் மூடிவிடலாம்! "இதான்டி! முனையப் பாரு, மத்ததெல்லாம் மங்கலா கிடக்கட்டும்" என்று கோச் அக்கா குதித்தார்.

அப்பா அந்த அட்டையைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டிவிட்டார். கீழே, "பத்து மீட்டரில் ஈயின் இறக்கையும் தெரியும். என் மகளே சாட்சி." மருந்துக் கடைக்காரரும் பஸ் டிரைவரும் அதைப் பார்த்தே கண்ணாடி மாற்றிக்கொண்டார்கள். சனிக்கிழமை பள்ளி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அப்பா கடையை மூடிவிட்டு அவர்களையும் கூட்டிக்கொண்டு பார்க்க வருகிறாராம். கண்ணாடி போட்டுச் சுட்டால் அணியில் இடம் இல்லை. கழற்றிவிட்டுச் சுட்டால் அப்பா முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்? நேற்று தைரியமாக, "அப்பா, அந்தக் கண்ணாடி..." என்று ஆரம்பித்தேன். "அழுக்காயிடுச்சா, குடும்மா" என்று வாங்கி, ஊதி ஊதித் துடைத்து, என் காதில் அவரே மாட்டிவிட்டார்.

ஆகவே வெள்ளிக்கிழமை ராத்திரி போன் செய்து, எழுந்து நடக்க முடியவில்லை என்று அப்பாவிடம் அழுங்கள். தங்கை அழுதால் அவர் உடனே கிளம்பி வந்துவிடுவார். நான் கண்ணாடி இல்லாமல் சுட்டுக்கொள்வேன். இதைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். மாமாவுக்கு என் வணக்கம், குட்டிப் பாப்பாவுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், எனக்கு உங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
பயந்துபோயிருக்கும் உங்கள் மருமகள்

பி.கு.: அத்தை, போன் செய்ய வேண்டாம். பிரிட்ஜ் கூவியதில் அப்பா எழுந்து வந்துவிட்டார். கடிதத்தைப் பிடுங்கி, நின்றபடியே முழுக்கப் படித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம், "கையை நீட்டு" என்றார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அளவு நாடாவை எடுத்து, என் கண்ணிலிருந்து முஷ்டி வரைக்கும் அளந்தார். "நடுங்காதம்மா, கணக்குத் தப்பிடும். நான் அட்டைக்குப் போட்டேன், நீ பாக்கறது முனைய. இதச் சொல்ல உனக்கு அத்தை வேணுமா?" என்று கேட்டார். சட்டையை மாட்டிக்கொண்டு, முனைக்கு ஏற்ற வேறு கண்ணாடி செய்ய இப்போதே கடைக்குப் போய்விட்டார். முழங்கால் நிஜமாகவே சரியாக இருந்தால், சனிக்கிழமை நீங்களும் வாருங்கள்.