எல்க் படம் போட்ட தோட்டாப் பெட்டி

மெரிலேண்ட்ஸ், சிட்னி
வைகாசி மாதம், வெள்ளிக்கிழமை

பெருமதிப்புக்கும் அதைவிடப் பெரிய கோபத்துக்கும் உரிய மச்சான் விக்னராஜா அவர்களுக்கு,

உம்முடைய தங்கை யோகாவும் நானும் முருகன் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். என்னுடைய இடது முழங்கால் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. நீரும் மெல்பேணில் சுகமாக இருப்பீர் என்றுதான் நம்ப வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீர் ரெலிபோன் எடுப்பதில்லை. யோகா அடிக்கிறாள், நான் அடிக்கிறேன், மணி அடித்து ஓய்ந்தபிறகு ஒரு வெள்ளைக்காரி வந்து செய்தி விடச் சொல்கிறாள். அவளோடு எனக்கு என்ன கதை? ஆனபடியால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் மாதம் ஜிப்ஸ்லாண்ட் மலைக்கு மரைமான் வேட்டைக்குப் போவதென்று நான் முடிவெடுத்துவிட்டேன். நான் என்றால் நாம் இருவரும். சுடுவது நீர், தோட்டாவைச் சுமந்து காவுவது நான். ஊரில் வவுனிக்குளத்துக் காட்டுப் பக்கம் போய்வந்த காலத்தில் இருந்த அதே ஒழுங்கு. என் தங்கச்சி தாட்சாயினி கண்ணை மூடினதிலிருந்து நீர் வீட்டை விட்டு இறங்குவதில்லை என்றும், துவக்கைக் கடையிலே திருப்பிக் கொடுக்கப் போகிறீர் என்றும் உம்முடைய மகன் நிதுஷன் சொன்னான். "இனி என்னத்துக்கு" என்று கேட்டீராம். என்னத்துக்கு என்றுதான் கீழே எழுதுகிறேன், முழுக்கப் படியும்.

தோட்டா என்னுடைய பொறுப்பு என்பதால், போன சனிக்கிழமை என் மகன் அனுஷனைக் காரோட்டச் சொல்லிக்கொண்டு துவக்குக் கடைக்குப் போனேன். அந்தக் காலத்தில் தோட்டா வாங்குவது எவ்வளவு சுகம்! அரசாங்கக் கச்சேரியில் எடுத்த பெர்மிற்றை நீட்டினால் முதலாளி மேசை லாச்சியைத் திறந்து இருப்பதைத் தருவார், இல்லாவிட்டால் "இல்லைத் தம்பி, அடுத்த மாதம் வா" என்பார், ஆள் மண்டையை உடைக்கத் தேவையில்லை. இங்கே சுவர் முழுக்கப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கிறது, ஹரிஸ் பார்க் இனிப்புக் கடையில்கூட அவ்வளவு வகை நான் கண்டதில்லை. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு மனுசி வந்து, "வட் ஆர் யூ ஹன்ரிங், லவ்?" என்று கேட்டாள். லவ் என்றதும் அனுஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி "எல்க்" என்றேன். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மரைக்கு அப்படித்தானே சொல்லித்தந்தார், வெள்ளைக்காரத் துரைமார் இலங்கையில் மரையை எல்க் என்றுதானே கூப்பிட்டவர்கள். அந்த மனுசி கண்ணாடியைப் போட்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்க் வேண்டுமென்றால் பிளேன் ஏறி அமெரிக்காவுக்குத்தான் போக வேண்டும் என்றாள். அனுஷன் தலையில் கையை வைத்துக்கொண்டு, "அப்பா, ஜஸ்ற் சே சம்பார்" என்று என் காதுக்குள் கத்தினான். மரைக்கு இங்கே அதுதான் பெயராம்.

ஆனால் மனுசி நல்லவள், சிரிக்கவில்லை. எல்க்கும் சம்பாரும் உடம்பில் ஏறத்தாழ ஒன்று, எலும்பும் தடிப்பு, ஆனபடியால் எல்க்குக்கென்று அமெரிக்கன் செய்கிற தோட்டா நம்முடைய மரைக்கும் சரியாக வரும் என்று சொல்லி, பிடித்தாளே ஒரு வகுப்பு! குண்டின் நிறையைக் கிறெயின் என்றுதான் சொல்வார்களாம், நூற்றைம்பதும் இருக்கிறது, நூற்றறுபத்தைந்தும் இருக்கிறது, நூற்றெண்பதும் இருக்கிறது. பாரம் குறைந்தது வேகமாகப் போகும், கூடினது ஆழமாகப் போகும். ஒரு குண்டுக்கு மூக்கிலே ஈயம் தெரியும், இன்னொன்றுக்குப் பிளாஸ்ரிக் மூக்கு, வேறொன்று முழுக்கச் செம்பு, மற்றதில் ஈயத்தையும் செம்பையும் ஒட்டியே வைத்திருப்பதால் தோள் எலும்பில் பட்டாலும் சிதறாமல் உள்ளே போய் மிருகத்தை அந்தரித்துத் துடிக்க விடாமல் விழுத்துமாம். "எவ்வளவு தூரத்தில சுடுவீங்கள்?" என்றாள். அதை மரையிடம்தான் கேட்க வேண்டும் என்றேன். இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டுப் பாருங்கோ, ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொன்று பிடிக்கும் என்றாள். துவக்குக்குக்கூட இங்கே வாய்க்கு ருசியாகத்தான் வேண்டுமாம், பாரும்!

கடைசியில் நான் எடுத்தது நூற்றெண்பது கிறெயின், ஒட்டின குண்டு. கிளப்பில் கடதாசிக் குறியைச் சுடுவதற்கு நான் வைத்திருக்கிற துவக்கின் பத்திரத்தையும் லைசென்ஸையும் காட்டி வாங்கினேன். ஏன் அதை எடுத்தேன் என்று அனுஷன் கேட்டதற்கு எலும்பு, ஆழம் என்று மனுசி சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். உமக்கு உண்மையைச் சொல்கிறேன், பெட்டியில் இருந்த படத்துக்காகத்தான் எடுத்தேன். பனிப்புகாருக்குள் ஒரு எல்க், "நீங்களெல்லாம் ஒரு ஆக்களோ" என்கிற மாதிரி திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. வவுனிக்குளத்து அலைகரையில் பொழுதுபடுகிற நேரம் நம்மைப் பார்த்த கொம்பன் மரையின் முகம் அதே முகம். நீர் திரும்பாமலே கையைப் பின்னுக்கு நீட்டினீர், நான் சேர்ட் பொக்கற்றிலிருந்து தோட்டாவை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்னுடைய வியர்வையில் தோட்டா ஊறிப் பழுதாகியிருந்தது. மரை நம்மை ஒருமுறை பார்த்துவிட்டு ஆறுதலாக நடந்து போனது. வேறொருவன் என்றால் எனக்குக் கன்னத்தைப் பொத்தி ஒன்று விட்டிருப்பான். நீர் துவக்கைப் பக்கத்தில் வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உருண்டு சிரித்தீர், உம்மைப் பார்த்து நானும் சிரித்தேன். வெறுங்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தபோது தாட்சாயினி பூசணிக்காயை இறைச்சிச் சரக்குப் போட்டுப் பிரட்டி வைத்து, "மரைக்கறி எண்டு நினைச்சுச் சாப்பிடுங்கோ, எலும்பு மட்டும் கேக்காதேங்கோ" என்றாள். அன்றைக்குத்தான் நீர் என் தங்கச்சியை முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தீர். எனக்குத் தெரியாதென்றோ நினைத்தீர்? மூன்று முறை கறி கேட்டு வாங்கினீர், இத்தனைக்கும் பூசணிக்காயை உமக்குக் கண்ணிலே காட்டக்கூடாது. பிறகு நீர் அவளைக் கட்ட நான் உம்முடைய தங்கையைக் கட்ட, மாற்றுச் சம்பந்தம் என்று ஊரே சோறு தின்றது. அதற்குப் பிறகு நம்முடைய ஊரில் துவக்கென்றால் வேறு கதையாகிவிட்டது, அதை இங்கே எழுதவில்லை.

இனி உம்முடைய சகோதரியின் திருவிளையாடலைக் கேளும். பெட்டியை இரும்பு அலுமாரிக்குள் பூட்ட முன்னம் குசினி மேசையில் வைத்துவிட்டுத் திறப்பு எடுக்கப் போனேன், அவ்வளவுதான் நான் செய்த குற்றம். "இஞ்சேருங்கோ, புதுச் சாமான் சாமிக்கு வைக்காமல் எடுக்கிறேல்லை" என்று, கார் வாங்கினபோது செய்த மாதிரியே ஒவ்வொரு தோட்டாவுக்கும் சந்தனம் பூசிக் குங்குமப் பொட்டு வைத்துச் சாமிப்படத்துக்கு முன்னால் வரிசையாக நிறுத்திவிட்டாள். எல்லாம் கல்யாண வீட்டு மாப்பிள்ளைத் தோழன்மார் மாதிரி நிற்கின்றன. அடி விசரி, பொட்டோடு துவக்குக்குள் போட ஏலுமோ என்று நான் பல்துலக்கிற பிறசால் உரஞ்சிக்கொண்டிருக்க, "நல்லாய்ச் சுடவேணும் எண்டோ கும்பிட்டனான்? ஒண்டும் படக்கூடாது எண்டெல்லோ கும்பிட்டனான்" என்கிறாள். "வள்ளியம்மையைப் பெத்தது மான். மானைச் சுட்டுப்போட்டு மேய்ஸ் ஹில் கோயில்ல போய் முருகன்ர முகத்தில என்னெண்டு முழிக்கிறது?" அப்போ ஏனடி என்னைப் போகச் சொல்கிறாய் என்று கேட்டேன். "அண்ணா வெளியால வரவேணும். அதுக்காக என்னத்தையெண்டாலும் வாங்குங்கோ" என்றாள். சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்த் தண்ணீர்ப் பைப்பைத் திறந்துவிட்டு அழுதாள், எனக்குக் கேட்காதாம்.

மச்சான், உமக்குப் பெண்சாதி போனாள். சரி. எனக்குத் தங்கச்சி போனாள். அவளைப் பற்றிக் கதைக்க எனக்கு இந்த நாட்டில் இருக்கிற ஒரே ஆள் நீர், நீரோ கதவைப் பூட்டிக்கொண்டு கிடக்கிறீர். பிள்ளைகளிடம் சொன்னால் "ஓ, சோ ஸாட் அப்பா" என்றுவிட்டு ரெலிபோனைப் பார்க்குதுகள். பூசணிக்காய்க் கதையை நான் யாரிடம் போய்ச் சொல்ல? துவக்கைக் கொடுக்க வேண்டாம். ஜூன் மாதம் மலை குளிரும், என் முழங்கால் ஏறாது, நீர் ஏறும், நான் கீழே இருந்து தேத்தண்ணி வைக்கிறேன். மரை வந்தால் வரட்டும். அந்த மலை மரையெல்லாம் ஒரு காலத்தில் நம்முடைய பக்கத்திலிருந்தும் கப்பலேற்றிக் கொண்டுவந்து விட்டதன் பரம்பரைதானாம், கடைக்கார மனுசி சொன்னாள். ஊர் ஆள் ஒன்றைப் பார்த்துச் சுகம் விசாரித்ததாக இருக்கட்டும்.

நிதுஷனுக்கு என் ஆசிகள், அவன் நல்ல பிள்ளை. உமக்கு என் வணக்கங்கள், யோகாவின் அன்பு, அனுஷனின் "ஹாய் மாமா". எல்லாம் வல்ல முருகன் உமக்கு நல்ல தேக சுகத்தையும், ரெலிபோன் எடுக்கும் புத்தியையும் தருவாராக.

இப்படிக்கு,
உம்முடைய தோட்டா காவி,
அரியரத்தினம்

பி.கு.: ஒட்டின உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். அனுஷன் வந்து, "அப்பா, மாமாவின்ர றைபிள் என்ன நம்பர்?" என்று கேட்டான். துவக்குக்கு என்னடா நம்பர் என்றேன். அவன் நிதுஷனுக்கு ரெலிபோன் அடித்து விசாரித்ததில், நான் வாங்கின தோட்டா என்னுடைய துவக்குக்கு மட்டும்தானாம், உம்முடையதற்குள் போகவே போகாதாம். நான் என்ன கண்டேன்? நாம் இருந்த பக்கத்தில் எல்லாம் ஒரே பன்னிரண்டாம் நம்பர்த் துவக்கு, ஆருடைய வீட்டுத் தோட்டாவும் ஆருடைய வீட்டுத் துவக்குக்கும் போகும். ஆகவே மேலே எழுதின கிறெயின், குண்டு, எலும்பு, ஆழம் எல்லாவற்றையும் வெட்டிவிடும். ஜூன் மாதம் என்று எழுதினதையும் வெட்டும். யோகா இதெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "ஜூன் வரைக்கும் ஆர் பாத்துக்கொண்டு இருக்கிறது" என்று சொல்லி, அனுஷனைக்கொண்டு நாளை மறுநாள் மெல்பேணுக்கு ரிக்கற் போடுவித்துவிட்டாள். இந்தக் கடிதத்துக்கு முன்னம் நாங்கள் வந்து சேர்ந்துவிடுவோம் போலிருக்கிறது, அப்படியென்றால் நானே வாசித்துக் காட்டுகிறேன். ஒரு கிழமைக்குத்தான் என்று சொன்னேன். அவள் பெரிய சூட்கேஸை இறக்கி வைத்திருக்கிறாள்.