ஆமென் ஆறுவதற்குள்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் சல்லடை போட்டுத் தேடினாலும் இப்படி ஒரு மனிதர் கிடைக்கமாட்டார். கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் மாப்பிள்ளை யார், பெண் யார், முகூர்த்தம் எப்போது என்று ஒரு எழுத்துகூடப் படிக்கமாட்டார். அட்டையை இரண்டு விரலால் வளைத்துப் பார்ப்பார். காதருகே வைத்துத் தட்டிப் பார்ப்பார். "பிரமாதம் சார்! இதே மாதிரி இன்னும் நாலு கிடைக்குமா?" என்பார். கொடுக்க வந்தவர்கள், பாவம், நாலு குடும்பத்தோடு வரப்போகிறார் போலிருக்கிறது என்று பயந்துபோவார்கள்.

அவர் எங்கள் மேற்குத் தாம்பரம் அடுக்ககத்தில் மூன்றாவது மாடியில், சரியாக என் தலைக்கு மேலே குடியிருக்கிறார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. சொந்தப் பெயர் என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும், யாருக்கும் தெரியாது. கேஸ் சிலிண்டர் போடுகிறவர்கூட வாசலில் நின்று, "ராக்கெட் சார் வூடு எத்தினியாவது மாடி?" என்றுதான் கேட்பார்.

பத்திரிகை அட்டைகளெல்லாம் ராக்கெட்டுக்கு இறக்கையாகும். ஜவுளிக்கடையில் துணி சுற்றி வரும் குழாய் உடம்பாகும். கிழிந்த குடை பாராசூட்டாகும். மோட்டார் மட்டும் வடக்கே ஒரு கம்பெனியிலிருந்து பார்சலில் வரும். என் மச்சினன் மகள் கல்யாணத்துக்கு நாங்கள் பார்த்துப் பார்த்து அடித்த பத்திரிகை, 'தங்கள் நல்வரவை நாடும்' என்ற வரியோடு ஒரு நாள் வானத்துக்குப் போனது. அந்தக் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை.

இன்னொரு பழக்கம் பவுடர். முகத்துக்குப் பவுடரே பூசாத மனிதர் மாதம் மூன்று டப்பா வாங்குவார். விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய் ஒரு பிடி எடுத்துக் காற்றில் ஊதுவார். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பதற்காம். அது எந்தப் பக்கம் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கொடியில் காயும் என் சட்டைப் பக்கம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். சத்தம் போட்டுக்கொண்டே மாடியேறுவேன். "சார், உங்க சட்டையைப் பாருங்க, சுத்தமான தென்மேற்கு!" என்று என் தோளைத் தட்டிக்கொடுப்பார். இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

எங்கள் பக்கம் ராக்கெட் விட முடியாது. ஒரு பக்கம் விமானப்படை, இன்னொரு பக்கம் ஏர்போர்ட். அதனால் முதலில் சிங்கப்பெருமாள் கோவில் ஊரைத் தாண்டி ஒருவருடைய தரிசு நிலத்தில் கேட்டுக்கொண்டு விட்டார்கள். விட்டார்கள் என்று ஏன் பன்மை என்றால், கூட அவர் மனைவி உண்டு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களுக்கும் டீச்சர்தான், கட்டிய கணவருக்கும் டீச்சர்தான். என்னிடம் ஒரு பழைய வேன் இருப்பது நான் போன ஜென்மத்தில் செய்த பாவம். அதனால் கூட நானும் உண்டு.

டீச்சர் ஜெபம் செய்யாமல் எதையும் தொடங்கமாட்டார். ஸ்கூட்டரில் மார்க்கெட்டுக்குப் போனால் சின்ன ஜெபம். ராக்கெட் என்றால் பெரிய ஜெபம். கண்ணாடியைக் கழற்றிக் கைப்பையில் வைப்பார், முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார், கண்ணை மூடுவார். வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி பாராசூட் நூல், பாட்டரி, காற்று, மேலே போகிற பைலட்டுகள், கீழே போகிற பாம்புகள் என்று ஒருவரையும் விடமாட்டார்.

அன்று அந்தத் தரிசு நிலத்தில், டீச்சர் மூச்சு வாங்க நிறுத்திய ஒரு நொடியில் சார் அவசரப்பட்டுப் பட்டனை அமுக்கிவிட்டார். ராக்கெட் மேலே போவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் சீறிக்கொண்டு போனது. ஐந்து நிமிஷத்தில் நிலத்துக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னா சார் இது? நெலத்துல வுடுங்கன்னு சொன்னா, மாட்டுக் கொட்டாய்ல வந்து பூந்துகீது! எருமை மெரண்டுபோய் வேலியப் பிச்சிகினு ஏரிப்பக்கம் ஓடிகினு கீது. யார் புடிக்கிறது? உங்க ராக்கெட்டா?"

மத்தியானம் வரைக்கும் நாங்கள்தான் பிடித்தோம். என் செருப்பில் ஒன்று இன்னும் அந்த ஏரியில் இருக்கிறது. டீச்சர் கரையில் நின்றுகொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஆமென் சொல்றதுக்கு முன்னாடி யாராவது அமுக்குவாங்களா?"

அன்றிலிருந்து அது சட்டமானது. சார் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார். டீச்சர் வாயிலிருந்து 'ஆமென்' வரவேண்டியதுதான், அந்தக் கணமே அமுக்கிவிடுவார். "இதை ஆறவிடக்கூடாது சார். ஆமென் ஆறுறதுக்குள்ள விட்டுடணும்" என்பார், இட்லியைப் பற்றிச் சொல்வதுபோல.

எருமைக்குப் பிறகு தோதான இடமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு தடவைதான் அனுமதி கிடைத்தது. இரண்டாவது தடவை கேட்டைப் பூட்டினார்கள். கடைசியில் டீச்சருக்கே ஞாபகம் வந்தது. அவர் ஊர்ப்பக்கம், திருச்செந்தூருக்குக் கொஞ்சம் உள்ளே தேரிக்காடு இருக்கிறதே! கண்ணுக்கெட்டிய தூரம் செம்மணல். தமிழ்நாட்டுக்கென்று ஆண்டவன் அளந்து போட்ட பாலைவனம். அதன் ஓரத்தில் டீச்சரின் சித்தப்பா மகனுக்கு நிலம் இருந்தது. போனில் கேட்டோம். எருமை கிடையாது என்று உறுதி சொன்னார். சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பினோம்.

விழுப்புரம் தாண்டி டீக்கடையில் நிறுத்தினோம். டீச்சர் கை கழுவப் போன நேரம் பார்த்து, சார் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். முகத்தில் வழக்கமான களை இல்லை.

"சார், பதினோரு வருஷமா விடறேன். டீச்சர் ஒரு தடவைகூட 'அட!'ன்னு சொன்னதில்லை. 'நல்லாப் போச்சுங்க'ம்பா. அவ்வளவுதான். ஹோம்வொர்க் நோட்ல டிக் போடற மாதிரி."

"சரி, அவங்க சுபாவம் அப்படி சார்."

"இல்ல சார். நான் இதை ஆரம்பிச்சதே அவ சிரிக்கணும்னுதான். எங்களுக்குன்னு வேற என்ன இருக்கு, சொல்லுங்க? இந்தத் தடவை பெருசா ஒண்ணு செஞ்சிருக்கேன். அவ உயரம் இருக்கும். அதையும் பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலைன்னா, எல்லாத்தையும் பழைய பேப்பர்காரன்கிட்ட தூக்கிப் போட்டுடுவேன். அவளுக்குப் பிடிக்காததை நான் எதுக்கு வானத்துக்கு விட்டுட்டிருக்கணும்?"

என் சட்டைக்கு இனிமேல் விமோசனம் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பாதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வேனுக்குப் போனேன்.

கோவில்பட்டி தாண்டியதும் டீச்சரின் தமிழ் ஊர்த்தமிழாக மாறிவிட்டது. திருச்செந்தூரை நெருங்கியதும், "பிரதர், அந்தா தெரியுது பாருங்க, அதான் எங்க தேரி" என்று சின்னப் பெண் மாதிரி கையை நீட்டினார். மிளகாய்ப் பொடியை மலைமலையாகக் கொட்டிவைத்தது போல இருந்தது. கூடாரம் அடித்தோம். மணலில் முளை நிற்கவில்லை. சார் ஒரு மூலையைப் பனைமரத்திலும், ஒரு மூலையை என் வேனிலும், ஒரு மூலையை டீச்சர் கொண்டுவந்த அரிசி மூட்டையிலும் கட்டினார். ஒரு ராத்திரித் தங்கலுக்கு எதற்கு அரிசி மூட்டை என்று கேட்காதீர்கள். குக்கரும் தோசைக்கல்லும் கூடத்தான் வந்திருந்தன.

மறுநாள் விடிகாலை. காற்று இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, சபைக்குப் போகாத குறைக்கும் சேர்த்து டீச்சர் ஜெபித்தார். நடுவில், "இந்தப் பிரதருடைய முன்கோபத்தையும் மூட்டுவலியையும் ஒரே நாளிலே எடுத்துப்போடும்" என்று வேறு வந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கடைசியில் "ஆமென்."

உஸ்ஸ்ஸ்! ஒரு நெருப்புக் கோடு. நீல வானத்தில் வெள்ளையாக ஒரு கீறல். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை காலம் பவுடருக்காகச் சண்டை போட்ட மனிதன், வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சார் வானத்தைப் பார்த்துவிட்டு ஆசையோடு திரும்பினார். "எப்படி டீச்சர்?"

"நல்லாப் போச்சுங்க."

இரண்டாவது ராக்கெட்டுக்கு நான் மேலே பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தேன். ஆமென் சொன்னார். மெதுவாகக் கண்ணைத் திறந்தார். கைப்பையைத் திறந்தார். கண்ணாடியை எடுத்தார், முந்தானையில் துடைத்தார், மாட்டினார். அண்ணாந்து பார்த்தபோது புகைதான் இருந்தது. ரொம்ப நேரம் கழித்து எங்கோ தூரத்தில் குடைத்துணி ஒன்று இறங்கிவந்தது. "நல்லாப் போச்சுங்க" என்றார்.

விழுந்ததைத் தேடிக்கொண்டு நானும் டீச்சரும் மணலில் நடந்தோம். எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்க. நீங்க ராக்கெட் மேல போறதைப் பார்த்திருக்கீங்களா?"

"நான் எங்க பாத்தேன் பிரதர்? கண்ணைத் தெறந்து கண்ணாடியப் போடுததுக்குள்ள அது போயிருது. பொகையத்தான் பாப்பேன்."

"பதினோரு வருஷமாவா? சொல்லித் தொலைக்கக் கூடாதா அக்கா?"

"எப்படிச் சொல்ல? அவுக சபைக்கு வரமாட்டாக. வீட்டு ஜெபத்துக்கும் உக்காரமாட்டாக. இது ஒண்ணுக்குத்தான் நான் ஜெபம் பண்ணுதப்போ எம்பக்கத்துல அசையாம நிக்காக. நான் போயி 'கொஞ்சம் பொறுத்து அமுக்குங்க, நான் பாக்கணும்'னா, அப்பொறம் ஜெபம் இவளுக்குத் தொந்தரவுன்னு நெனச்சிருவாக. எனக்கு ராக்கெட்ட விட அதுதான் பெருசு. நீங்க சொல்லிராதீய."

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். திரும்பி வந்தால், சார் பெரிய ராக்கெட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். அதன் சிவப்புக் குடைத்துணியை அவர் மடித்த விதத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. "பெருசு வேண்டாம் சார். கிளம்பலாம். போதும்" என்றார்.

எனக்கு ஓட்டை வாய். ஆனால் அன்றைக்கு அது வேண்டுமென்றே ஓட்டையானது.

"யோவ் சார்! அவங்க இதுவரைக்கும் ஒண்ணைக்கூட பார்த்ததே இல்லய்யா! ஆமென்னு சொல்லிக் கண்ணாடி போடறதுக்குள்ள நீர் அமுக்கிடறீர்! நீர் ஜெபத்துல பக்கத்துல நிக்கிறீரே, அது போதும்னு அந்த அம்மா வாயைத் திறக்காம இருக்கு!"

அவர் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். டீச்சர் என்னை முறைத்த முறைப்பில் பத்தாம் வகுப்புப் பையன்கள் எழுந்து நின்றிருப்பார்கள். பிறகு சார் எழுந்து, டப்பாவைத் திறந்து, பெரியதைத் திரும்பப் பூட்டி, ராக்கெட் நிற்கும் கம்பியில் ஏற்றி ஒயரை மாட்டினார். எங்களையும் தள்ளிவரச் சொல்லி, பட்டனை டீச்சர் கையில் வைத்தார்.

"கண்ணாடியைப் போட்டுக்கோ. இன்னைக்கு ஜெபம் நான் பண்றேன்."

"உங்களுக்கு ஜெபம் தெரியுமா?"

"பதினோரு வருஷமா கேட்டுட்டிருக்கேனே."

கண்ணை இறுக மூடிக்கொண்டு ஆரம்பித்தார். "அன்புள்ள ஆண்டவரே, இந்தக் காலை வேளைக்காக ஸ்தோத்திரம்..." நூல் வந்தது. பாட்டரி வந்தது. காற்று வந்தது, பைலட்டுகள் வந்தார்கள், பாம்புகள் வந்தன. டீச்சர் சொல்கிற அதே வரிசை, அதே இழுப்பு. என் முன்கோபமும் மூட்டுவலியும்கூட ஒரு சொல் மாறாமல் வந்தன. டீச்சர் பட்டனைப் பிடித்தபடி கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த மனிதர் பக்கத்தில் சும்மா நிற்கவில்லை, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டிருக்கிறார் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பாடமாக இருந்தது தீர்ந்துபோனது. அதற்கப்புறம் சாருடைய சொந்த ஜெபம். "ஆண்டவரே, உம்மகிட்ட நான் அதிகமா பேசினதில்லை. எனக்கும் சேர்த்து இவதான் பேசிட்டிருந்தா. நான் மேலயே பார்த்துட்டிருந்துட்டேன். பக்கத்துல திரும்பிப் பார்க்கலை. இவ ஒரு தடவை பார்க்கட்டும் ஆண்டவரே. ஒரு தடவை..."

எப்படி முடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணை மூடியபடியே நின்றார். டீச்சர் முடிக்கச் சொல்லவில்லை. ஆமெனுக்கும் காத்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்தார், அமுக்கினார்.

"யம்மா! ஏங்க! ஏங்க, போவுது! எம்மாடி, நெருப்பப் பாருங்களேன்! அட, இன்னும் போவுதுங்க! இன்னும்..."

கணக்கு டீச்சர் செம்மணலில் குதித்துக்கொண்டிருந்தார். சார் கண்ணைத் திறந்தபோது புகைதான் இருந்தது. அவர் மேலே தேடவும் இல்லை.

"பாத்தீயளா?" என்று டீச்சர் மூச்சு வாங்கக் கேட்டார்.

"இல்லையே டீச்சர். எப்படிப் போச்சு? நீ சொல்லு."

டீச்சர் சொல்ல ஆரம்பித்தார். வேனில் ஏறியும் சொன்னார். மதுரை வரைக்கும் ராக்கெட் மேலே போய்க்கொண்டே இருந்தது. திருச்சியில்தான் குடை விரிந்தது. சிவப்புக் குடை அசைந்து அசைந்து இறங்கியதை விழுப்புரம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரம் ராக்கெட் விட்ட மனிதர், ஒன்றைக்கூடப் பார்த்திராதவர் மாதிரி, "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பெருங்களத்தூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்கால நெரிசல். ஹாரனில் கை வைக்காமல் ஒருநாளும் நான் அந்த இடத்தைத் தாண்டியதில்லை. டீச்சருடைய ராக்கெட் இன்னும் தரைக்கு வரவில்லை. பின்னாலிருந்து வந்த பஸ், லாரி எல்லாவற்றுக்கும் வழி விட்டு, வண்டியை ஓரமாக, மெதுவாக ஓட்டினேன்.