லேசர்க் கண்ணாடியின் ரசம்

முந்தானையால் துடைத்து முடித்ததும் லூர்துமேரி லேசர் மேசைமேல் இருந்த அந்தச் சின்னக் கண்ணாடியில் முகத்தைத் தேடினாள். முகம் இல்லை. அதன் வழியே அந்தப் பக்கச் சுவரில் தொங்கிய காலண்டர் தெரிந்தது.

"மாதாவே! ரசத்தையே துடைச்சுட்டனா?"

கணவன் சவுரியப்பன் இறந்து நாற்பது நாள். பொம்மிடி பக்கம் ஒரு தனியார் கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அவன் பார்த்த வேலையை, இரக்கப்பட்டு இவளுக்குக் கொடுத்து ஒரு வாரம்தான் ஆகிறது. லேசர் மேசையில் கை வைக்காதே என்று சொல்லியிருந்தார்கள். பதினோரு மணிக்குக் கல்லூரியைச் சோதித்துப் பார்க்க ஆய்வுக் குழு வருகிறது. தூசி கண்ணை உறுத்தியது.

வாசலில் காவலாளி பச்சியப்பன் மறித்தார். "எங்க மேரிம்மா ஓடறீங்க?"

"கண்ணாடி வாங்கங்கண்ணா."

"குழு ஒண்ணும் பொண்ணு பாக்க வரலீங்க!"

ஃபேன்சி கடை நிர்மலாதேவி அதற்கு மேல். "ஏண்டி மேரி, நாப்பது நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள கண்ணாடி கேக்குதா?"

காசைக் கொடுத்து வாங்கி வந்தாள். பழையதைத் திருகிக் கழற்றும்போது அது விழுந்து இரண்டாய் உடைந்தது. அதைப் பிடித்திருந்த வளையம் வட்டம், புதுக் கண்ணாடி சதுரம். பசை வைத்து அழுத்தினாள். கண்ணாடி ஒட்டவில்லை, கட்டைவிரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தாள். வளையம் தாங்கியோடு பெயர்ந்து விரலோடு வந்தது.

துறைத்தலைவர் சோபனா உள்ளே நுழைந்தார்.

"ரசம் போயிருச்சுங்க மேடம், அதான்..."

"லேசர்க் கண்ணாடி அப்படித்தாம்மா. நம்ம முகத்தைக் காட்டாது. லேசர் ஒளியை மட்டுந்தான் திருப்பும்."

நல்ல கண்ணாடியைத்தான் உடைத்திருக்கிறாள். லூர்துமேரி வளையம் ஒட்டிய கையோடு கும்பிட்டாள்.

"இத்தினி வருசம் அவரு கண்ணாட்டம் பாத்த சாமானுங்க. ஒரே வாரத்துல நாசம் பண்ணிட்டேன். வேலைய வேணா எடுத்துக்கங்க மேடம். அவரு பேரைக் கெடுத்துறாதீங்க."

சோபனா உடைந்த துண்டுகளைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைப் பார்த்தார். பச்சியப்பன் ஓடிவந்தார்.

"குழு கேட் வரைக்கும் வந்துருச்சுங்க மேடம். இவங்ககிட்ட இன்னும் சொல்லலீங்களா?"

"நீயே சொல்லிடு." சோபனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திருவிழாக் கடையில் பிள்ளைகள் வாங்கும், சிவப்பு ஒளி பாய்ச்சும் குட்டி விளக்கு ஒன்றைப் பச்சியப்பன் சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அவளுடைய பசை ஒட்டாத கையில் வைத்தார்.

"சீக்கிரம் மேசைக்கடியில பூந்துக்கங்க மேரிம்மா. லேசர் செத்து எட்டு வருசமாச்சு, குழு வந்தா சவுரிதான் உள்ள குந்திக்கிட்டு இதை அடிப்பாரு. அவராட்டம் நீங்களும் ஒல்லின்னுதான் வேலையே போட்டாங்க."